நடுங்கும் கைக்கு வந்த நல்ல பெயர்

பிப்ரவரி 12

இந்தப் பருவத்தின் முதல் செய்முறை வகுப்பு. தவளையின் பின்கழுத்தில் ஊசியைச் செருகும்போது கை விலகிவிட்டது. ஒரே குத்தில் உணர்வு போயிருக்க வேண்டும். தவளை பாதி உயிரோடு பலகையிலிருந்து துள்ளி, முன்வரிசை மாணவனின் காலடியில் விழுந்து இழுத்துக்கொண்டு கிடந்தது. என் உதவி ஆசிரியன் தோதோர்தான் எடுத்து முடித்துவைத்தான்.

ஈரம், வழுக்கிவிட்டது என்று வகுப்பிடம் சொன்னேன். ஈரமில்லை. இலையுதிர்காலத்திலிருந்தே வலது கை இப்படித்தான் நடுங்குகிறது.

பிப்ரவரி 13

சூப் வேண்டாம், ரொட்டி போதும் என்றேன். கரண்டியைத் தூக்கினால் பாதி மேஜையில். கணவர் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

பிப்ரவரி 20

இனி தவளை வேண்டாம், வீடியோ போதும் என்று டீன் லாலெவிடம் சொன்னேன்.

"நீயா சொல்ற, ருமியானா?"

"எதுக்கு வீணா ஒரு உயிர்?"

கூசாமல் சொன்னேன்.

போன வருடம் நெவெனா என்ற மாணவி கேட்டதும் இதைத்தான். அறுக்க மாட்டேன், வீடியோ பார்த்துப் படித்துத் தேர்வு எழுதுகிறேன் என்றாள். "இவ்வளவு இரக்கம் இருந்தா பூக்கடை வைம்மா" என்றேன், மொத்த வகுப்புக்கும் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். ஆறுக்கு இரண்டு மதிப்பெண் போட்டுத் தோற்கடித்தேன். கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள். அவள் இந்த வருடமும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 1

வகுப்பில் முதல் வீடியோ. இதயம் துடிக்கிற இடத்தில் படத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டி, இன்னொரு முறை காட்டச் சொல்லிக் கேட்டார்கள். மணி அடித்த பிறகும் கேள்விகள்.

எல்லோரும் போனபின் நெவெனா வந்தாள். மார்ச் பிறந்தால் எங்கள் ஊரில் வாழ்த்தாகக் கட்டிவிடும் சிவப்பு வெள்ளை நூலை என் மணிக்கட்டில் கட்ட வேண்டுமாம். வலது கையைப் பிடிக்க வந்தாள். இடது கையைக் கொடுத்தேன்.

"நான் சொன்னத நீங்க யோசிச்சுப் பார்த்தீங்க இல்ல, மேடம். எங்க அம்மாகிட்டகூட சொன்னேன்."

சரி, நல்லாயிரு என்றேன். வேறென்ன சொல்ல? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே — இல்லை என்று?

மார்ச் 2

நூலை அவிழ்க்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மார்ச் 14

நெவெனா சொன்னது டீன் காதுக்கும் எட்டி, அவருக்கு ஒரே உற்சாகம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வருகிறாராம். கருணையுள்ள ஆசிரியை, அவள் மனதை மாற்றிய மாணவி — இருவரும் சேர்ந்து ஒரு படம். தலையாட்டினேன். ஆட்டியிருக்கிறேனே, பாவி.

மார்ச் 17

நெவெனாவை அறைக்குக் கூப்பிட்டேன். வலது கையை நீட்டிக் காட்டினேன். காரணம் இதுதான், நீ இல்லை என்றேன்.

அவள் கேட்டாள்:

"கை நல்லாயிருந்தா இந்த வருஷமும் தவளைதானா?"

"ஆமா."

"பூக்கடைன்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க. இத மட்டும் கதவச் சாத்திட்டுச் சொல்றீங்க."

குரலை உயர்த்தவில்லை. கதவைத் திறந்துவிட்டுப் போனாள்.

மார்ச் 21

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். கை, ஊசி, ஈரம் என்ற பொய், நெவெனாவுக்குப் போட்ட இரண்டு — எல்லாம். அந்த மதிப்பெண் நியாயமில்லை, அவளுக்கு உடனே மறுதேர்வு வைக்க வேண்டும், வைப்பது நானாக இருக்கக் கூடாது என்றேன்.

இது இப்படித் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. முதிய பேராசிரியர் கிளிமென்ட் நிதானமாகக் கேட்டார்: "நடுங்கறது உன் கை. தோதோர் கை நல்லாத்தானே இருக்கு? தவளையத் திரும்பக் கொண்டுவந்துட வேண்டியதுதானே."

நான் உண்மை சொன்னதால் அந்தப் பெண் கேட்ட வீடியோவும் போய்விடும் போலிருந்தது. மறுபடி பேசினேன்:

"முப்பது வருஷமா என் பலகையச் சுத்தி நின்ன பிள்ளைங்கள்ல பாதிப் பேர் சன்னலத்தான் பார்த்துட்டிருந்தாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அறுத்தேன். இந்த மாசம்தான் மொத்த வகுப்பும் இதயத்தப் பார்த்துச்சு."

தோதோரும், தனக்கும் வீடியோவே போதும் என்றான். வாக்கெடுப்பில் கை தூக்கினார்கள். ஒரு கை அதிகம் — வீடியோ நிலைத்தது. பத்திரிகைப் படம் வேண்டாம் என்றார் டீன். பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 8

நெவெனா மறுதேர்வில் ஐந்து வாங்கி மேல்வகுப்புக்குப் போய்விட்டாள். தாழ்வாரத்தில் எதிரே வந்தாள். வணக்கம் என்றாள், எல்லோருக்கும் சொல்வதுபோல. நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்?

இன்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "இத நீங்க நிஜமாவே செஞ்சிருக்கீங்களா, மேடம்?"

"செஞ்சிருக்கேன்."

"எத்தன தவளை இருக்கும்?"

எண்ணியதே இல்லை என்றேன். படத்தைத் தொடர்ந்து ஓட்டச் சொல்லிவிட்டு, வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்.