சைக்கிள் சீட்டின் உயரம்

கட்டுகஸ்தோட்டை
12.08.2025

அன்புள்ள மகள் ஷிரோமிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உட்கார்ந்து எழுதவில்லை, அலுமாரித் தட்டில் கடதாசியை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன சனமெல்லாம் பார்க்க, உன் சைக்கிளோடு போய், கோயில் வாசலில் பழம் விற்கும் ஹாஷிமின் முள்ளுத் துரியான் பழக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். இப்போது கதிரையைக் கண்டாலே பயம். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துக்கொள். மிச்சத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்குவாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது.

சனிக்கிழமை, ஜோர்தான் கார்மென்ட் ஃபெக்டரியில் உன்னோடு ஒரே லைனில் தைக்கும் புஷ்பம், லீவில் ஊருக்கு வந்தவள், நீ கொடுத்துவிட்ட பார்சலோடு தெல்தெனியவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். டிசம்பரில் நீயும் இப்படி வந்து நிற்பாய் என்று நான் பெரிதாகப் பேசினேன். அந்தப் பிள்ளை முழித்தாள். “அங்கிள், ஷிரோமி இன்னும் ரெண்டு வருஷத்துக்கு சைன் வச்சிட்டாளே, ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள். சைக்கிளைத் தங்கச்சி தினுஷாவுக்குக் கொடுத்துவிடச் சொன்னாய் என்றும் சொன்னாள்.

தெரியாது. பெற்ற அப்பனுக்குத் தெரியாது. பார்சலில் சவர்க்காரம் இருந்தது, பேரீச்சம்பழம் இருந்தது, எனக்கு ஒரு சேர்ட்டும் இருந்தது. இந்தச் செய்தி மட்டும் இல்லை. கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் கிடைத்த உனக்கு, அப்பாவிடம் சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? கூரை ஒழுகுகிறது என்பாய், தங்கச்சி படிக்க வேண்டும் என்பாய். நான் உன்னிடம் கூரை கேட்டேனா? ஒழுகுகிற இடத்தில் வாளி வைக்கத் தெரியாதவனா நான்?

அன்று பின்னேரமே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ வருகிறாய் என்று வாங்கி வைத்த புதுப் பிரேக் கட்டைகளை, இனி யாருக்கு என்று தெரியாமலே பூட்டினேன். கட்டை இருக்கும் தகட்டில் ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் திறப்பு. அடைத்த பக்கம் முன்னால் வரவேண்டும். ஓ.எல். சோதனையில் கணக்கில் இரண்டு தரம் தவறிய எனக்கே தெரிந்த விஷயம். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டிருக்கிறேன். மறுநாள் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்ததும் ரப்பர்கள் கழன்று முன்னால் பறந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு நான் போனேன். காலை ஊன்றலாம் என்றால் சீட் இன்னும் உன் உயரத்திலேயே நிற்கிறது. எனக்குப் பெருவிரல்தான் எட்டும்.

ஹாஷிம் ஓடிவந்து தூக்கிவிட்டு, “அண்ணே, பழமான்னு கையால அமுக்கிப் பாத்தா போதுமே!” என்றான். ஃபாதர்கூடச் சிரித்தார்.

நேற்றுக் கட்டைகளைச் சரியாகப் பூட்டி, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். தினுஷா சுற்றிச் சுற்றி வந்தாள். “அப்பா, சீட்ட கொஞ்சம் இறக்கித் தாங்க, எனக்குக் காலு எட்டல” என்றாள். நட்டு துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது, ஸ்பானர் போட்டால் உடையும் என்று சொல்லிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கண்டி மேட்டில் சைக்கிளில் வேலைக்குப் போகிற பொம்பிளப்பிள்ளை என்று ஊரே உன்னைப் பார்த்துச் சிரித்தபோது, உனக்காகச் சண்டைக்குப் போனவன் நான். இப்போது உன்னோடு சண்டை பிடிக்க நீ பக்கத்தில் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கோபம்.

சைன் வைத்தது வைத்ததுதான். ஆனால் சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று இன்னொருத்தியிடம் சொல்லி அனுப்பாதே. கொடுப்பதென்றால் நீயே வந்து உன் கையால் கொடு. அதுவரை அது இந்த வீட்டில்தான் நிற்கும்.

புஷ்பம் திரும்பி வரும்போது இதைக் கொண்டுவருவாள். வேளைக்குச் சாப்பிடு. மெசினில் விரலைக் கவனித்துக்கொள். மாதா உன்னைக் காப்பாற்றுவா. உன்னைப் பற்றி அவவிடமும் முறைப்பாடு செய்துதான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அப்பா,
கிளறன்ஸ்

பி.கு.: தினுஷாவிடம் வாய்திறந்து சொல்லாதது ஒன்று உண்டு. அந்த நட்டு துருப்பிடிக்கவில்லை. நீ போனதிலிருந்து மாதம் தவறாமல் நான்தான் அதற்குக் கிரீஸ் போடுகிறேன். ஸ்பானரை வைத்தால் ஒரே சுற்றில் கழன்றுவிடும்.