புதுக் கம்ப்யூட்டர் இப்போதா, பிறகா

மார்ச் 4, புதன்

காலை ஒன்பதுக்கு ஓடவிட்ட படம் மதியச் சாப்பாடு முடிந்தும் பாதியில் நிற்கிறது. கட்டாத வீட்டுக்கு முன்கூட்டியே படம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சுவர், சோபா, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் நான் வைத்துவிடுவேன். அதை நிஜப் போட்டோ மாதிரி ஆக்கித் தருவது கம்ப்யூட்டரின் பாடு. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அது மூச்சு வாங்குகிறது. போதும். இந்த மாதமே புதுசு.

மார்ச் 6, வெள்ளி

கடைக்காரர் ஒரு விலை சொன்னார். மொத்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். மெமரிக்கு மட்டுமாம்! போன வருடம் இதே கடையில், இதே சாமான், மூன்றில் ஒரு பங்கு. அப்போது ஏன் வாங்கவில்லை? இன்னும் இறங்கும் என்று காத்திருந்தேன். என்னைவிடக் கெட்டிக்காரி உண்டா?

இனி ஏறுமா, இறங்குமா என்று அவரையே கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் கடையில உக்காந்திருக்கேன்?"

மார்ச் 7, சனி

பொறு என்கிறார் என் கணவர். எதற்கும் அதைத்தான் சொல்வார். என் பல்வலிக்கும் அதையேதான் சொன்னார்.

மார்ச் 9, திங்கள்

ஆர்க்கிடெக்ட் அம்மா கூப்பிட்டார். குழந்தைகள் மருத்துவமனை, நாற்பது அறை. பதினெட்டாம் தேதிக்குள் மாதிரிக்கு ஆறு படம் கொடுத்தால் முழு வேலையும் எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பாராம். இந்தப் பெட்டியை நம்பினால் மாதம் முடிந்துவிடும். புதுசு வாங்கினால் கையிருப்பு காலி. காத்திருந்தால் வேலை காலி.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, இந்த வீட்டுக்குக் குடிவரும் சமயத்தில் அண்ணன் தன்னுடையதிலிருந்து கழற்றிக் கொடுத்தது. படத்தைச் சட்டென்று முடிப்பதே அதுதான் என்றான். எங்கே முடித்தது? குடிவந்த பத்தாம் நாள் அவனைக் கூப்பிட்டுக் காட்டி, "உனக்கு வேண்டாததை என் தலையில கட்டிட்ட" என்று அண்ணியின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவன், மூன்று வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை. சொன்னது அதிகம்தான். ஆனால் பொய்யில்லையே?

மார்ச் 10, செவ்வாய்

வாங்குவதென்றே முடிவு செய்து கடைக்காரரைக் கூப்பிட்டேன். பழையதில் எது தேறும் என்று பார்க்க, பெட்டியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். மேஜையை இழுத்து, தும்மித் தும்மி எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன்.

"மேடம், ஸ்கிரீன் கேபிளை ஏன் மேல சொருகியிருக்கீங்க? கார்டு கீழ இருக்கு."

பின்பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு துளை. கீழே செருகினால் கார்டு வழியாகப் போகும். மேலே செருகினால் கார்டைத் தொடவே தொடாதாம். ஸ்கிரீன் எதில் மாட்டியிருக்கிறதோ அதைத்தான் என் மென்பொருள் பிடித்துக்கொள்ளுமாம். கார்டு இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

வீடு மாறியபோது கேபிளைச் செருகியது யார்? நான். நானேதான்.

கீழே மாற்றினேன். அரை நாள் இழுத்த அதே படம், டீ ஆறுவதற்குள் முடிந்து நிற்கிறது. வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூணு வருஷம். ஐயோ, மூணு வருஷம்! எத்தனை வேலை கைவிட்டுப் போச்சு! அண்ணனை என்னவெல்லாம் — எழுத முடியலை.

மார்ச் 11, புதன்

அவன் எண்ணை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

பேசிவிட்டேன். கேபிள் கதையை ஒரே மூச்சில் ஒப்பித்து, தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

"தெரியும்" என்றான். "அன்னைக்கே குனிஞ்சு பார்த்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ விடல."

நினைவிருக்கிறது. மேஜைக்குப் பின்னால் குனிந்தான். நிமிர்ந்து "இங்க பாரு" என்றான். அதற்கு மேல் நான் அவனைப் பேசவே விடவில்லை. அந்த ஒரு நிமிடம் நான் வாயை மூடியிருந்தால்!

பிறகாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீயே கேப்பன்னு இருந்தேன். இன்னைக்குக் கேப்ப, நாளைக்குக் கேப்பன்னு. அப்புறம் அதைச் சொல்றதுக்கே வெக்கமாப் போச்சு."

என்ன அண்ணன், என்ன தங்கை! இரண்டும் ஒரே பிடிவாதம்.

மார்ச் 17, செவ்வாய்

ஆறு படமும் அனுப்பியாகிவிட்டது. ஒரு நாள் முன்னதாகவே.

மார்ச் 22, ஞாயிறு

மருத்துவமனை வேலை எனக்குத்தான். புதுக் கம்ப்யூட்டர் இப்போதைக்கு இல்லை. கடைக்காரருக்கு வருத்தம். இவருக்குத் தாங்க முடியாத பெருமை, தான் சொன்ன "பொறு" பலித்துவிட்டதாம்.

அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் அண்ணன் நேராக மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்தான். நிமிர்ந்து, "இங்க பாரு" என்று ஆரம்பித்தான். பெட்டி ஜன்னலை ஒட்டி இருக்கக் கூடாதாம். வெயில் படுமாம், சூடாகுமாம், ஆயுசு குறையுமாம். அந்த ஜன்னலில் வெயில் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தினமும் அங்கே உட்காருகிறவள் நான்.

அவன் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு பேருமாக மேஜையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம்.