அசிட்டோன் வாடை

செவ்வாய்க்கிழமை, முனிர்கா

1. வரதராஜன் என்னை அவமானப்படுத்தினான்.
2. அவன் காட்டிய எண்ணெய்க் கணக்கு பொய்.
3. கையெழுத்துப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்று லோதி ரோடு அலுவலகத்தில் மதிப்பீட்டுக் குழு கூடியது. கடற்பாசியை அழுத்தத்தில் வேகவைத்து எண்ணெய் எடுக்க ஆலை கட்ட வேண்டும் என்று அனுமதி கேட்டு வந்திருந்தான் வரதராஜன். ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். அவன் கொண்டுவந்த மாதிரிப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது. எண்ணெயைப் பிரிக்க ஊற்றிய அசிட்டோன் முழுவதும் ஆவியாவதற்கு முன்பே எடை போட்டு, அத்தனையும் எண்ணெய் என்று எழுதியிருக்கிறான்.

“இதை எடை போடறதுக்கு முன்னாடி...” என்று ஆரம்பித்தேன்.

“என்ன சார், சட்னி ஊசிப்போச்சான்னு மோந்து பாக்குறீங்களா?” என்றான். அதையே மற்றவர்களுக்கு இந்தியிலும் சொன்னான். குழு முழுவதும் சிரித்தது. “அச்சா, ஜல்தி கையெழுத்தைப் போடுங்க சார். லஞ்ச் ஆறுது.”

போட்டேன். நாளை ஆலையில் எண்ணெய் வராதபோது அந்த அயோக்கியன் என் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டுவான்.

ஆனால் படிவத்தில் மாற்றுக் கருத்து எழுத நான்கு வரி விட்டிருந்தார்கள். காலி இடத்தில் வேறு யாரும் எதையும் எழுதிவிடக் கூடாதே என்று, என் வழக்கப்படி, ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.