காருக்கு வைத்த பொட்டு

மேகலா,

பிரியதர்ஷினி அம்மாவை விமான நிலையத்தில் விட ஐந்து மணிக்கே கிளம்புகிறேன். ஷிப்ட் முடிந்து தாமதமாக வந்த உன்னை எழுப்ப மனம் வரவில்லை. ஹாட்பாக்ஸில் உப்புமா இருக்கிறது. பத்து மணிக்கு சிலிண்டர்காரர் வருவார், மோர் கொடு.

நேற்று முதலாளி அம்மாவின் கார் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும், "உன் சந்தனப் பொட்டால என் வேலையே போவப் போவுது" என்று கத்திவிட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனாய். காரின் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால், எதிரே இருப்பதைக் கண்டறியும் ரேடார் இருக்கிறதாம். நீ சின்னத்தில் வைத்த பொட்டு அதை மறைத்ததால்தான் விளக்கு எரிந்தது என்று ஷோரூம்காரர் போனில் சொல்லியிருந்தார்.

மாலையில் பயந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தம் கைக்குட்டையை நனைத்துத் தாமே பொட்டைத் துடைத்தார். விளக்கு அணைந்தது. "முனீசு, என் வண்டி நல்லா ஓடணும்னு வேற யாரு சாமி கும்புட்டாங்க? இனிமே ஸ்டீரிங்ல வெக்கச் சொல்லு" என்றார். கடவுள் நேரில் வருவதில்லை, இப்படி யாரையாவது அனுப்பி வைக்கிறார்.

உன் இடுப்பு வலியையும் விசாரித்தார். திரும்பி வரும்போது உன்னைக் கம்பெனி கேட்டில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறார். மதியம் ஒரு மணிக்கு உன்னை அழைத்துப்போக வருகிறேன்.

முனீஸ்வரன்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். முன்சீட்டில் இடுப்பைப் பிடித்துவிடும் வசதி உண்டு. திரையில் எங்கே தொட வேண்டும் என்று அம்மா காட்டினார். சிப்காட்டில் உன் கம்பெனி வரை பதினைந்து நிமிடம். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, வந்து உட்கார்.