உன்னை விழவிடாத பெல்ட்டு

அன்பு மச்சான் செல்லையா,

தோட்டத்து ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே சாரல். ஏலக்காய்ப் பறிப்பு நடக்கிறது, பன்றிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உன் போன் நம்பரை இன்னும் நான் அழிக்கவில்லை.

சிலமலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு உன் தங்கையைக் கட்டி உனக்கு மாப்பிள்ளை ஆனேன். போடிமெட்டுக்கு மேலே இந்தத் தோட்டத்தைச் சேர்ந்துதான் குத்தகைக்குப் பிடித்தோம். பன்றி ஏலச்செடியைத் தூரோடு கிளறிப் போட்டபோது இரண்டு பேருக்கும் வயிறு ஒன்றாகத்தான் எரிந்தது.

ஒரு நாள் ஓடைப்பக்கம் வரும், மறுநாள் மேல்சரிவில் வரும். ஒரே மரத்தில் பரண் கட்டி என்ன செய்ய? வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் மரம் மாற்றி மரம் உட்காரும் சாமான்களை நீதான் போனில் தேடிப் பிடித்தாய். "அவங்க சுடுறதுக்கு உக்காருறாங்க, நாம தகரம் தட்ட உக்காருவோம் மாப்ளே" என்று சிரித்தாய்.

பார்சலில் இரண்டு விதம் வந்தது. ஒன்று மரத்தோடு இறுக்கிக் கட்டும் அலுமினிய இருக்கை. மற்றது இடுப்பையும் தொடையையும் சுற்றிப் பிடிக்கும் துணிப் பெல்ட்டு. அதைக் கயிற்றால் மரத்தில் மாட்டி, சின்னப் பலகையில் கால் ஊன்றிச் சாய்ந்துகொள்ள வேண்டும். இருக்கையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறிய உனக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது. பெல்ட்டைத் தோளில் போட்டதும், "துண்டு கணக்கா இருக்கு, இதுவே போதும்" என்றாய். அறுந்தால்? முடிச்சு அவிழ்ந்தால்? நாள் முழுக்க இழுத்து இழுத்துப் பார்த்தோம். நம் பயமெல்லாம் விழுவதைப் பற்றித்தான் இருந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரம். நீ ஒரு மரத்தில், நான் எதிர் மரத்தில். உன் காலுக்கு நேர் கீழே பன்றிக் கூட்டம் வந்து கிளற ஆரம்பித்தது. நீ தகரத்தைத் தட்டவில்லை. நான் தட்டினேன். எல்லாம் ஓடிப்போயின. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தூங்கிட்டியா மச்சான்?" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டேன். போன் அடித்தேன். உன் சட்டைப் பையில் அது அடிப்பது எனக்குக் கேட்டது.

இறங்கி ஓடிவந்தேன். நெற்றியை மரத்தில் சாய்த்து நீ எப்போதும்போலவே உட்கார்ந்திருந்தாய். உன்னை இறக்க என்னிடம் வழி இல்லை. கீழே ஓடி ஜீப்பு டிரைவரைக் கூட்டிவந்து, ஏறிக் கயிறு கட்டி இறக்கினோம். நெஞ்சு நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். அந்தப் பெல்ட்டு உன்னை ஓர் அங்குலம்கூட நழுவ விடவில்லை, மச்சான். விழுந்திருந்தால் அப்போதே ஓடி வந்திருப்பேனே. எதிரே இருந்துகொண்டு நான் யாரைப் பார்த்துச் சிரித்தேன்?

போன வாரம் உன் பெண்டாட்டி ராசாத்தி வந்தாள். சாக்கில் சுற்றி மறைத்து வைத்திருந்த பெல்ட்டைக் கேட்டாள்.

"எதுக்குத் தங்கச்சி அது?"

"கொண்டாங்கண்ணே. நான் அதுல உக்காரணும்."

மறுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஷெட்டுக்குப் பக்கத்துப் பலாமரத்தில், தரையிலிருந்து முழ உயரத்தில் மாட்டிவிட்டேன். சேலைமேலேயே இறுக்கிக்கொண்டு, உன்னைப்போலவே நெற்றியை மரத்தில் வைத்துச் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அவருக்கு இடுப்பு வலிச்சிருக்குமோன்னுதாண்ணே எனக்கு ஒறக்கமே இல்ல."

காலைத் தளர்த்தி, பாரத்தை முழுக்கப் பெல்ட்டில் விட்டாள். "வலிக்கல. நல்லாத்தான் தாங்குது."

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். இனி நம் தோட்டத்தில் யார் மரம் ஏறினாலும், தரையிலிருந்தே அவரை இறக்க இன்னொரு கயிறு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கீழே ஓர் ஆள் நிற்பார், நிமிஷத்துக்கொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வராமல் யாரையும் மேலே விட்டுவைக்க மாட்டேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மாப்ளே தவசி