யாரையும் விடாமல் எழுதவும்

மார்ச் 4

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. போனில் என்றால் உன் அம்மா பாதியைச் சொல்லி மீதியை அழுதுவிடுவாள். அதனால்தான் கடிதம்.

முதலில் என் மானம் போன கதை. இன்று திவால் வக்கீலைப் பார்க்கப் போனேன். ஆமாம், மஞ்சள் கடுதாசிதான். அங்கேயும் பஞ்சப் பரதேசி மாதிரி நிற்கக் கூடாதே என்று, நம் லாண்டரியில் எட்டு மாதமாக யாரும் வந்து வாங்காத நீலக்கோடு சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வக்கீல் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையையே பார்த்தார். "சார், எட்டு மாசமா இதைத்தான் தேடிட்டிருக்கேன்" என்றார். சலவைக் கூலி பாக்கி என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

மனிதர் நல்லவர்தான். ஆனால் பீஸ் முழுவதும் முன்பணமாக வேண்டுமாம்.

"தவணையில தரட்டுமா சார்?"

"மீதியை நீங்க கடனா வச்சா, அந்தக் கடனையும் நானே தள்ளுபடி பண்ணணும். எனக்கு நானே குழி வெட்டிக்கவா?"

மலிவாக இன்னொரு வக்கீல் இருக்கிறார் என்று உன் அம்மாவும் நானும் போனோம். அவர் விவாகரத்து வக்கீலாம், "இதையும் சேர்த்துப் பார்ப்பேன்" என்றார். உன் அம்மா யோசிக்கிற மாதிரி தெரிந்தது. பயந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கையில் இருந்ததைப் போன வாரமே உனக்கு அனுப்பிவிட்டேன். பாய்லர் ரிப்பேருக்கு நீ கடனாகத் தந்த பணம் அது, ஊர்க்கடனோடு சேர்ந்து முழுகக் கூடாது. இருபதாம் தேதிக்குள் மனு போடாவிட்டால் கடையோடு வீட்டையும் பூட்டிவிடுவார்களாம். ஷட்டரைப் பாதி இறக்கித்தான் வேலை நடக்கிறது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலே வசூல்காரனோ என்று குனிந்து பார்க்கிறேன்.

நீ கவலைப்படாதே. அதை இங்கே இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம்.

உன் அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

சட்டைக் கதையை மூன்று தரம் படித்துச் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் அந்தப் பணத்தை யார் கேட்டது? அது வந்த வழியே திரும்பி வருகிறது. அப்படியே கொண்டுபோய் அந்தச் சட்டைக்கார வக்கீலிடம் கட்டுங்கள். மலிவு வக்கீல் வேண்டவே வேண்டாம்.

இருபதாம் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். என் காலேஜ் பீஸ் கட்டக் கடைசித் தேதியை மறந்த ஆள் நீங்கள். மறதி எல்லாருக்கும் வருவதுதான் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன், கோபப்பட்டதே இல்லை. இந்தத் தடவை மறந்தீர்களோ, விடமாட்டேன்.

இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 17

அன்பு மகளுக்கு,

பணம் வந்தது. வக்கீல் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார், சட்டைக்கு உண்டான கூலியையும் கழித்துக்கொண்டார். உனக்கு அனுப்பித் திரும்ப வாங்கிய கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துவிட்டார். "யார் சார் உங்களுக்கு இந்த யோசனை சொன்னது? மத்தவங்களை விட்டுட்டு மகளுக்கு மட்டும் கொடுத்தா, கோர்ட்டு அந்த மகளைத்தான் பிடிக்கும்." உன்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று உன்னையே மாட்டிவிட இருந்தேன். இப்போது போனது, வந்தது இரண்டையும் மனுவில் எழுதியாயிற்று.

அப்புறம் ஒரு பாரம் கொடுத்தார். யார் யாருக்குத் தர வேண்டும் என்று யாரையும் விடாமல் எழுத வேண்டுமாம். பாங்கு, சோப்புத்தூள் வியாபாரி, பக்கத்துக் கடைத் தையல்காரரின் கைமாற்று, டீக்கடை பாக்கி வரை எழுதினேன்.

"அவ்வளவுதானா? பழசு எதுவும் விட்டுப்போகலையே?"

"அவ்வளவுதான் சார்" என்று கையெழுத்துப் போட்டேன். மனு நேற்றே உள்ளே போய்விட்டது, நான்கு நாள் முன்னதாக. வீடு தப்பும் என்கிறார்.

அவரிடம் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பாக்கி இருக்கிறது. அந்த வருஷம் நான் தேதியை மறக்கவில்லை, மகளே. உன் காலேஜ் பணத்தைத்தான் லாண்டரியின் இரண்டாவது மெஷினுக்கு முன்பணமாகக் கட்டினேன். கடைசித் தேதி அன்று காலையில் ஷட்டரைத் தூக்கும்போதுகூட எனக்கு நினைவிருந்தது.

அப்பா