பிரபுவின் சட்டையில் ஒரு ஸ்டிக்கர்

ஜூன் 2, திங்கள்

இன்றும் ஒன்றரை ஷிப்ட். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் கறையும் ஓட்டையும் தேடி நின்று நின்று கால் வீங்கிவிட்டது. சமைக்கவில்லை, வீட்டுக்காரர் கடையில் தோசை வாங்கி வந்தார். பஸ்ஸிலேயே போனில் அடுத்த அத்தியாயத்தை முடித்து ரசிகர் குழுவில் போட்டேன். கோட்டைப் பிரபு நாவல்கள் முடிந்துபோய் மூன்று வருடமாகிறது. அந்த ரத்தக்காட்டேரிப் பிரபுவை விட மனமில்லாமல் அவரவர் கற்பனைக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். என் கதையில் பிரபுவைவிட அவன் வேலைக்காரிதான் அதிகம் வருகிறாள். நல்ல கதைகளைப் பொறுக்கிப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். என் பெயர் அச்சில் வர வேண்டும். ஆசைதான், வேறென்ன.

ஜூன் 3, செவ்வாய்

மானம் போயிற்று. நேற்றுப் போட்ட அத்தியாயத்தில் பிரபுவின் வெள்ளைச் சட்டையில் ரத்தக்கறை. வேலைக்காரி என்ன செய்கிறாள்? கறைக்கு நேராக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக எடுத்து வைக்கிறாள்! எழுதும்போது தப்பாகவே தோன்றவில்லை. கறையைக் கண்டால் ஸ்டிக்கர், என் கைக்குத் தெரிந்தது அதுதானே. அந்தக் காலத்துக் கோட்டையில் ஸ்டிக்கர் ஏது? குழுவே விழுந்து விழுந்து சிரிக்கிறது. 'பனியன் கம்பெனிக் காட்டேரி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. "பிரபு எந்த ஷிப்டுங்க?" என்று ஒருத்தி கேட்கிறாள்.

சிரிங்கடி, நல்லா சிரிங்க. நான் நிக்கற எடத்துல ஒரு நாள் நின்னுட்டு வந்து எழுதிப் பாருங்க — தெரியும்.

ஜூன் 5, வியாழன்

குழுவை நடத்தும் கவிப்பிரியா கூப்பிட்டாள். மரியாதையாகத்தான் பேசினாள். "கதை நல்லா இருக்குதுங்கக்கா. அந்த வேலைக்காரி வேலை பாக்கற எடமெல்லாம் எடுத்துட்டா புத்தகத்துல சேத்திக்கலாங்க. படிக்கறவங்களுக்குப் பயம் வரோணுமில்லீங்களா?"

ஸ்டிக்கரை எடுப்பது நியாயம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நூல் பிசிறு வெட்டுவது, வேலைக்காரிகள் பிரபுவைச் சாடை பேசிச் சிரிப்பது — அதெல்லாமுமா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கத் தெம்பு எங்கே இருக்கிறது?

ஜூன் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் எடுத்தேன். பாதிக் கதை போய்விட்டது. அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

டீ நேரத்தில் மயிலாக்காவுக்கு மாற்றிய கதையைச் சொன்னேன். பக்கத்து டேபிளில் பிசிறு வெட்டுகிறவள். படிப்பு ஏறவில்லை, ஒவ்வொரு அத்தியாயத்தையும் என் வாயால்தான் கேட்பாள்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ளைக்கு அந்த ஊட்டுல வேலை வெட்டியே கெடையாதா? சும்மாவே நிக்குது?"

பெல் அடித்துவிட்டது, நல்லவேளை.

ஜூலை 14, திங்கள்

தேர்வாகிவிட்டதாம். சந்தோஷப்படக்கூட அசதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

நேற்று சாயங்காலம் புத்தகம் வந்தது. ஜெயசுதா, திருப்பூர் என்று அச்சில் பார்த்தேன். வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். காலையில் பஸ்ஸில் என் கதையைப் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அழுகை வந்தது. இதைப் போய் யாரிடம் சொல்ல?

மதியம் மயிலாக்கா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். பெயர் எங்கே என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "படி கண்ணு, கேக்கறேன்" என்றாள். டெய்லர் பெண்கள் இரண்டு பேர் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் பக்கம் படித்தேன். அதற்குமேல் முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வேலைக்காரி ஸ்டிக்கர் ஒட்டுகிற என் கதையைச் சொன்னேன்.